பிழைப்பட்டியல் ஒலிப்பதிவு ஆகுமா?

பேச்சு லத்தீன் பற்றிப் பேச ஆரம்பித்தால் 'அப்பெண்டிக்ஸ் ப்ரோபி' வராமல் போகாது. 227 சொற்கள்; ஒவ்வொன்றுக்கும் 'இது சரி, அது தப்பு' என்று ஓர் இணை. தலைப்பில் ப்ரோபஸ் இருந்தாலும் அந்த இலக்கண ஆசிரியர் எழுதியதல்ல. அவர் பெயரில் வழங்கிய நூலோடு ஒட்டிக் கிடைத்தது, அவ்வளவுதான்.

பட்டியல் சுவாரஸ்யமானது, மறுக்கலை. கண்ணாடிக்கு 'ஸ்பெக்குலும்' சரி, 'ஸ்பெக்லும்' தப்பு. காதுக்கு 'ஆவுரிஸ்' சரி, 'ஓரிக்ளா' தப்பு. இன்றைய இத்தாலியனில் ஸ்பெக்கியோ, ஓரெக்கியோ. வாத்தியார் அடிச்சுத் தள்ளின வடிவத்துக்குத்தான் பிள்ளைகுட்டி! 'மென்சா' என்று எழுது, 'மேசா' வேண்டாம் என்றும் இருக்கு. அந்த மேசாதான் போர்த்துகீசியர் வழியா நம்ம வீட்டு மேசை ஆச்சு.

இதை வைத்து இடப்பக்கம் எழுத்து லத்தீன், வலப்பக்கம் பேச்சு லத்தீன் என்று கோடு போடுகிறார்கள் பாருங்க, அங்கேதான் எனக்கு உடன்பாடில்லை. 'அழகான' என்பதற்கு 'ஃபோர்மோசுஸ்' சரி, 'ஃபோர்முன்சுஸ்' தப்பு என்கிறது பட்டியல். அந்த 'ன்' எங்கிருந்து வந்தது? பேச்சில் 'ஸ'வுக்கு முன்னால் வரும் 'ன்' எப்பவோ போயாச்சு. எழுதும்போது எங்கே போடணும்னு தெரியாமல், தேவையில்லாத இடத்திலும் யாரோ செருகியிருக்கார். இது தெருவின் குரல் இல்லை, பயந்துபோன எழுத்தரின் கை. ஆக வலப்பக்கத்திலும் பேச்சும் எழுத்தும் கலந்தே கிடக்கு. பிழைப் பதிவை, அதாங்க எரர் லாக்கை, மட்டும் வைத்து முழு ப்ரோகிராமையும் திரும்ப எழுத முடியுமா?

ரோஜர் ரைட் 1982ல் எதிர்முனைக்கே போனார்: கரோலிங்கியர் சீர்திருத்தம் வரும்வரை மக்கள் மனசில் இரண்டு மொழி இல்லை, பழைய எழுத்துக்கூட்டலை ஊர் உச்சரிப்பில் வாசித்தார்கள் என்று. உச்சரிப்புக்கு இது பொருந்தும். நாமும் 'மரம்' என்று எழுதிவிட்டு கடைசி 'ம்'மை மூக்கிலேயே விழுங்குறோம். ஆனால் வேற்றுமை உருபுகளே உதிர்ந்துபோனதை உச்சரிப்பால் மட்டும் விளக்க முடியாது.

அதற்குத் தடயம் பட்டியலில் ரொம்பக் குறைவு. ஒன்று 'நோபிஸ்கும்', அதாவது 'எங்களோடு'. கூடாது என்று சொன்ன வடிவம் 'நோஸ்கும்'. 'கும்' கேட்கிற வேற்றுமை வடிவத்தை விட்டுட்டு வெறும் 'நோஸ்' வந்து உட்கார்ந்திருக்கு. அடுத்ததாக 'உங்களோடு' என்பதற்கும் இதே கதை. மேற்கோள் காட்டுகிறவர்கள் கண்ணாடியையும் காதையும் விட்டு இந்த இரண்டு வரிகளில் கொஞ்சம் நின்றிருக்கலாம்.