கழுதையின் முறைப்பாடு

பத்தாம் நூற்றாண்டில் பஸராவில் இயங்கிய இஹ்வானுஸ் ஸபா குழுவினரின் 22ஆவது நிருபத்தை அண்மையில் மீண்டும் வாசித்தேன். மனிதருக்கு எதிராக விலங்குகள் ஜின்களின் அரசனிடம் தொடுக்கும் வழக்கே அதன் கதை. சுமையேற்றிய முதுகில் விழும் தடியடியைக் கழுதை எடுத்துரைக்கும் இடத்தில் இம்முறையும் வாசிப்பு தடைப்பட்டது. நிமிர்ந்த உடலே தமது உயர்வுக்குச் சான்று என்கிறார்கள் மனிதர்கள். ஒவ்வோர் உயிருக்கும் அதனதன் வாழ்வுக்கேற்ற உடல் வாய்த்திருக்கிறது என்று விலங்குகள் மடக்குகின்றன. (வாதத் திறமையில் பெரும்பகுதியை ஆசிரியர்கள் விலங்குகளுக்கே வழங்கிவிட்டார்கள் போலும்!)

ஆயினும் மனிதனே வெல்கிறான். மறுமையின் நித்திய வாழ்வு மனிதருக்கு உண்டு, இறைநேசர்கள் அவர்களிடையே தோன்றுகிறார்கள் என்ற வாதத்தோடு விலங்குகள் அடங்கிவிடுகின்றன.

எனக்கு இதில் உடன்பாடில்லை. அவை கேட்டது சுவர்க்கத்தில் பங்கல்ல, அடிக்கு நியாயம். மறுமை உண்டு என்பவனுக்குத்தானே அந்த அடிக்கும் கணக்கு உண்டு? அல்அன்ஆம் அத்தியாயத்தின் 38ஆம் வசனம் உயிரினங்களையும் நம்மைப் போன்ற சமூகங்களாகவே காண்கிறது. பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்ட பெண்ணுக்கு மறுமையில் நேர்ந்ததை ஹதீஸ் சொல்கிறது. மறுமையை முன்வைத்து வழக்கில் வென்றவர்களுக்கு அந்தப் பெண் எப்படி மறந்துபோனாள்?