கலப்பெயர்களும் தகுதி வழக்கும்

மல்லசமுத்திரம் கடல் காணா ஊர். 1997ஆம் ஆண்டில் சேலம் மாவட்டத்தினின்றும் பிரிந்த நாமக்கல் மாவட்டத்தில், திருச்செங்கோட்டிற்கு அணித்தே உள்ளது. ஆயினும் அதன் பெயரில் சமுத்திரம் நிற்கின்றது. ஏரியையும் குளத்தையும் கடலெனச் சொல்லிப் பெருமை செய்தல் தமிழக ஊர்ப்பெயர் மரபுகளுள் ஒன்று. பெயர் உள்ளதை மட்டும் சுட்டுவதன்று; விழைவதையும் சுட்டும் என்பதற்கு இவ்வழக்கே சான்றாகும்.

இவ்வூரிலிருந்து கலங்களின் பெயர்களை ஆராயப் புகுதல் சிலர்க்கு நகை விளைக்கலாம். ஆயின் இப்பகுதிக்கும் கலம் உண்டு. அது சாலையில் ஓடுவது. சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல் ஆகிய ஊர்களின் லாரிகள் சரக்கேற்றி வடபுலம் வரை சென்று, பல நாள் கழித்து மீள்வன. படகிற்குப் பெயரிடும் மனமும் இவற்றிற்குப் பெயரிடும் மனமும் ஒன்றே. இரண்டும் இடர் நிறைந்த வழியிற் செல்வன. இரண்டிற்கும் வீட்டில் காத்திருப்போர் உண்டு. ஆதலின் இவற்றை ஒருங்கே வைத்து நோக்குவோம்.

கலங்களுக்கு மக்கள் இடும் பெயர்கள் மூவகைப்படும். இனிமையும் நன்மையும் கருதியவை சில. சொல் விளையாட்டாகிய சிலேடையால் அமைந்தவை சில. நாணத்தக்க பொருளையோ வசையையோ உட்கொண்டவை சில. இவற்றை நிறுத்தற்குரிய துலாக்கோல் நம் இலக்கணத்திலேயே உளது. பவணந்தியார் நன்னூலில் தகுதி வழக்கை மூன்றாகப் பகுத்தார். நன்மையல்லாததை நன்மையாகச் சொல்லுதல் மங்கலம். அவையிற் கூறலாகாததை வேறு சொல்லால் மறைத்துக் கூறுதல் இடக்கரடக்கல். ஒரு கூட்டத்தார் தமக்குள் வழங்குவது குழூஉக்குறி. மேற்கூறிய மூவகைப் பெயர்களும் இம்மூன்றனோடு இயைபுடையன. இடக்கரடக்கல் மறைக்க முயல்வதை வசைப்பெயர் திறந்து காட்ட முயல்கின்றது என்பதொன்றே வேறுபாடு.

பழந்தமிழ் நூல்களில் நாம் மிகுதியும் காண்பன கலங்களின் வகைப்பெயர்களே. நாவாய், வங்கம், திமில், தோணி, அம்பி, பஃறி, ஓடம் என அவை பலவாகும். சிலப்பதிகாரத்துப் புறஞ்சேரி இறுத்த காதையில் வையைத் துறையில் குதிரை முகமும் யானை முகமும் சிங்க முகமும் உடைய அம்பிகள் கூறப்படுகின்றன. கலத்திற்கு முகம் ஒன்று அமைத்துவிட்டால் அது மரமாக நில்லாது உயிருடைய பொருளாகத் தோன்றும். தனிப்பெயர் இடுதற்கு இது முதற்படி எனலாம்.

மங்கலப் பெயர்களுக்குக் கன்னியாகுமரி நல்ல எடுத்துக்காட்டுத் தரும். விவேகானந்தர் பாறைக்கு மக்களை ஏற்றிச் செல்லும் பூம்புகார்க் கப்பற் கழகப் படகுகளுக்குக் குகன், பொதிகை என்னும் பெயர்கள் இடப்பட்டன. பொதிகை கடலை நோக்கி ஆற்றை விடுக்கும் மலை. அசையா மலையின் பெயரை அசையும் கலம் தாங்குதல் நயமுடைத்து. குகன் அதனினும் சிறந்தது. கங்கையில் இராமனைக் கடத்திய வேட்டுவத் தலைவனும் குகன்; முருகனும் குகன். தொழிலுக்கு ஒரு பொருளும் காப்புக்கு ஒரு பொருளுமாக ஒரு சொல்லே நிற்கின்றது. பெயரிட்டோர் இரண்டையும் கருதினரோ அல்லரோ, சொல் இரண்டையும் தருகின்றது. மங்கலமும் சிலேடையும் இதன்கண் ஒன்றாயின.

சிலேடையைத் தண்டியலங்காரம் செம்மொழி, பிரிமொழி என இரு கூறாக்கும். குகன் என்பது பிரிக்காமலே இரு பொருள் தருதலின் செம்மொழி. அம்பி என்று ஒருவர் தம் படகிற்குப் பெயர் வைப்பாராயின் அதுவும் அவ்வகையினதே. பழைய நூற்சொல்லும் வீட்டில் இளையவனை அழைக்கும் சொல்லும் அதில் ஒன்றுபடும். நாவாய் என்பதையே ஒருவர் தனிப்பெயராக்கினால் அது நா, வாய் எனப் பிரிந்து, ஓயாது இரையும் பொறியை எள்ளும் பிரிமொழி ஆகும். முன்னதில் அன்பு தோன்றுகின்றது. பின்னதில் எள்ளல் தோன்றுகின்றது. இரண்டும் சொல்லாற்றல் உடையனவே. ஆயின் சொல்லாற்றல் மட்டும் பெயரின் சிறப்பை அறுதியிடுமோ என்பதே நாம் வினவுவது.

இவ்வினா 2016ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு நாட்டினர் முன்னர் எழுந்தது. துருவ ஆராய்ச்சிக் கப்பலுக்குப் பெயர் கூறுமாறு மக்களைக் கேட்டபொழுது, நூறாயிரத்திற்கும் மேற்பட்டோர் ‘போட்டி மக்போட்ஃபேஸ்’ என்னும் வேடிக்கைப் பெயரைத் தேர்ந்தனர். படகு முகம் கொண்ட படகு என்பது போன்ற குறும்பு அது. வையைத் துறையின் யானை முகமும் சிங்க முகமும் நம் நினைவிற்கு வருகின்றன. ஆங்கு முகம் கலத்திற்குப் பெருமை தந்தது, ஈண்டு முகம் அதனை நகைப்பொருளாக்கிற்று. அரசினர் கப்பலுக்கு டேவிட் அட்டன்பரோ என்னும் இயற்கை அறிஞரின் பெயரை இட்டு, வேடிக்கைப் பெயரை அக்கப்பலுடன் தொடர்புடைய ஆளில்லா நீர்மூழ்கிக் கருவிக்கு அளித்தனர். மக்கள் விருப்பம் புறக்கணிக்கப்பட்டது என்று வருந்தினார் பலர். நாம் அவ்வாறு கருதவில்லை. மாந்தர் ஏறிச் செல்லும் கலத்திற்கு ஒரு பெயரும், மாந்தர் ஏறாக் கருவிக்கு ஒரு பெயரும் எனப் பகுத்தது தகுதி அறிந்த செயலேயாகும்.

இத்தகுதியை நம் பகுதி லாரிகள் நூல் கல்லாமலே அறிந்துள்ளன. லாரியின் நெற்றியில் முருகன் துணை என்றோ, அங்காளம்மன் பெயரோ, பெற்ற மக்களின் பெயரோ காணப்படும். வடநாட்டு லாரிகளின் முதுகிலோ, தீய கண்ணுடையவனே, நின் முகம் கறுக்க என்னும் பொருள்பட இந்தியில் எழுதியிருத்தல் வழிப்போக்கர் பலரும் கண்டதே. அது வசைதான், ஆயினும் கண்ணேறு கழிக்கும் வசை. மங்கலம் முன்னும் வசை பின்னுமாக நிற்கின்றன. முன்னது வண்டியின் பெயர். பின்னது பின்தொடர்வாரை நோக்கிய கூற்று. வசைக்கும் இடம் உண்டு, ஆயின் அது பெயரின் இடம் அன்று என்பது இவ்வமைப்பால் பெறப்படும்.

ஏன் அன்று? பெயர் எழுதப்படும் இடம் ஒன்று. சொல்லப்படும் இடம் மற்றொன்று. எழுதும் பொழுது நண்பர் சூழ்ந்து நகைப்பர். சொல்லப்படுவதோ வீட்டில், கலம் மீளாத இரவில். மல்லசமுத்திரத்தில் லாரி ஓட்டுநரின் மனைவியர் தொலைபேசியில், வண்டி எங்கே என்று கேளாமல், முருகன் எந்த ஊர் வந்திருக்கின்றான் என்று கேட்பதை நாம் செவியுற்றுள்ளோம். அவர் நாவில் வழங்கும் பெயர் வண்டியையும் கணவனையும் தெய்வத்தையும் ஒருசேரச் சுட்டுகின்றது. அந்நாவில் நாணத்தக்க சொல் ஒன்றை வைத்தவன் நகைச்சுவையில் வல்லவனாகலாம். பெயரிடுதலில் வல்லவன் ஆகான்.

இதற்கு ஈழத்துச் சான்று ஒன்று காட்டி முடிப்போம். யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையிற் கட்டப்பெற்ற பாய்க்கப்பல் அன்னபூரணி. ராபின்சன் என்னும் அமெரிக்கர் அதனை விலைக்கு வாங்கித் தம் மனைவியின் பெயரால் ஃபுளோரன்ஸ் சி. ராபின்சன் என மாற்றினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் செலுத்த, அது 1938ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குளோஸ்டர்த் துறையை அடைந்தது. புதுப்பெயரும் இழிந்ததன்று, அன்பினால் இட்டதே. ஆயினும் வல்வெட்டித்துறையார் நினைவில் அக்கப்பல் இன்றும் அன்னபூரணியே. கடலைக் கடந்தது புதுப்பெயர். கரையில் காத்திருந்தோர் வாயில் நிலைத்தது பழம்பெயர்.

ஆகவே கலப்பெயரின் நயத்தை அளக்க நாம் கொள்ளும் அளவை இது: காத்திருப்போர் அதனைக் கலங்காது சொல்ல இயலுமா? இயலுமாயின் சிலேடையும் அணியே, குறும்பும் நயமே. இயலாதாயின், அது எத்துணைக் கூரிய சொல்லாயினும் தகுதி வழக்கின் புறத்ததே என்க.