நடந்து அறிந்த சென்னை: எழுதியதும் எழுதாததும்

ஊரைச் சுற்றிப் பார்த்து எழுதும் மரபு தமிழில் மிகப் பழையது. மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சி 782 அடிகளுக்குள் மதுரையின் பகற்கடைகளையும் இரவுக்கடைகளையும் யாமம் யாமமாக விரித்துக் காட்டுகிறது. சிலப்பதிகாரத்தில் இதற்கென்றே ஒரு காதை உண்டு: ஊர்காண் காதை. கண்ணகியைக் கவுந்தியடிகளிடம் விட்டுவிட்டு மதுரைக்குள் போகும் கோவலன் மணிக்கடை, பொற்கடை, துணிக்கடை, கூலக்கடை என்று தொழில்வாரியாகப் பிரிந்த வீதிகளைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறான். கதை நகர்வதற்கு அந்த நடை அவ்வளவாகத் தேவையில்லை, இளங்கோவுக்குத் தேவைப்பட்டது. ஒரு நகரம் எதை விற்று, எதைச் சுமந்து பிழைக்கிறது என்று தெரியாமல் அதன் அரசனைப் பற்றிப் பேச அவர் விரும்பவில்லை.

இந்த மரபை மனத்தில் வைத்துக்கொண்டு சென்னையைப் பற்றிய எழுத்துகளைத் தேடினால், வளமும் வறுமையும் சேர்ந்தே கண்ணில் படுகின்றன. 17ஆம் நூற்றாண்டில் வேங்கடாத்வரி வடமொழியில் எழுதிய விஸ்வகுணாதர்சத்தில் இரண்டு கந்தர்வர்கள் விமானத்தில் பறந்தபடி திருவல்லிக்கேணியையும் கடற்கரையில் குடியேறிய வெள்ளையர்களையும் பார்க்கிறார்கள். 1800ஐ ஒட்டி எழுதப்பட்ட ஸர்வதேவவிலாஸம் அந்த வடிவத்தை எடுத்துக்கொண்டு மண்ணுக்கு இறங்குகிறது. இரண்டு பண்டிதர்கள் சென்னையின் கோயில்களையும் தோட்டங்களையும் செல்வர் வீடுகளையும் சுற்றி வருகிறார்கள். கம்பெனியின் இடைத்தரகர்களான துபாஷிகளின் செல்வாக்கும் அவர்கள் நடத்திய கச்சேரிகளும் அதில் பதிவாகியிருக்கின்றன. இந்த நகரத்தைத் தெரு மட்டத்திலிருந்து பார்த்த முதல் நூல்களில் ஒன்றாக இதைக் கொள்ளலாம்.

பிறகு வந்தவை ஆவணக்காலத்து நூல்கள். ஹென்றி டேவிசன் லவ் 1913இல் வெளியிட்ட ‘வெஸ்டிஜஸ் ஆஃப் ஓல்ட் மெட்ராஸ்’, நகரத்தின் முந்நூறாம் ஆண்டான 1939இல் சி.எஸ்.சீனிவாசாச்சாரி எழுதிய வரலாறு ஆகிய இரண்டும் இல்லாமல் பிற்காலத்தவர் ஒரு தெருவைக்கூட விளக்கியிருக்க முடியாது. அவற்றைப் பொது வாசகரின் கையில் கொண்டுசேர்த்தவர் எஸ்.முத்தையா. 1981இல் ‘மெட்ராஸ் டிஸ்கவர்ட்’ வந்தது. 1991இல் ‘மெட்ராஸ் மியூசிங்ஸ்’ இதழ் தொடங்கியது. 2004இல் அவரும் நண்பர்களும் ஆகஸ்ட் 22ஐச் சென்னை நாளாகக் கொண்டாடத் தொடங்கினார்கள். அதையொட்டிப் பெருகிய மரபு நடைகள் வி.ஸ்ரீராம் போன்றோரால் ஆண்டு முழுவதும் நடப்பவையாக மாறின. நிழல் அமைப்பு மரங்களைப் பார்ப்பதற்காகவே நடைகளை நடத்துகிறது. தமிழில் அசோகமித்திரனின் ‘ஒரு பார்வையில் சென்னை நகரம்’, நரசய்யாவின் ‘மதராசபட்டினம்’ இரண்டையும் முதலில் சொல்ல வேண்டும். எனக்கு அசோகமித்திரனே நெருக்கமானவர். அவர் ஒரு பேட்டையைச் சொல்லும்போது ஆளுநர்கள் வருவதில்லை. வாடகையும் தண்ணீரும் பேருந்தும் வருகின்றன.

நடந்தால் மட்டுமே விளங்கும் இடம் எது என்று கேட்டால் ஜார்ஜ் டவுனைத்தான் சொல்வேன். பாரிமுனையிலிருந்து வடக்கே போகும் பிராட்வே, இன்றைய பிரகாசம் சாலை, ஒரு காலத்தில் சாக்கடைப் பள்ளம். அதற்குக் கிழக்கே முத்தியால்பேட்டை, மேற்கே பெத்தநாயக்கன்பேட்டை. 1707இல் வலங்கை, இடங்கைச் சாதிகளுக்குள் மூண்ட கலவரத்தை ஆளுநர் தாமஸ் பிட் தெருக்களைப் பங்கிட்டுத் தீர்த்தார். முத்தியால்பேட்டை இடங்கையாருக்கு, பெத்தநாயக்கன்பேட்டை வலங்கையாருக்கு. அந்த நூற்றாண்டின் இறுதியில் ஸ்டீபன் பாப்ஹாம் என்ற வழக்கறிஞர் பள்ளத்தைத் தூர்த்துச் சாலையாக்கினார். இன்று அங்கே நடப்பவர் காலடியில் இருப்பது ஒரு சாதி எல்லை. வரைபடத்தில் அது வெறும் கோடு. இரண்டு பக்கத் தெருக்களிலும் மாறிமாறி நடந்து, கோயில்களையும் பெயர்ப்பலகைகளையும் பார்த்துப் போனால்தான் இரண்டு தனி ஊர்கள் அருகருகே கிடந்தது புரியும்.

மேற்கே போனால் வால்டாக்ஸ் ரோடு. 1760களின் பிற்பகுதியில் தொடங்கி நகரைச் சுற்றிக் கட்டிய மதிலுக்கு மக்களிடம் வரி வாங்க நினைத்தார்கள். வரி வசூலாகவில்லை, பெயர் மட்டும் தங்கிவிட்டது. மதிலின் மிச்சம் வடக்கே மாடிப்பூங்காவில் இருக்கிறது. நடுவில் ஏழுகிணறு; கோட்டைக்குத் தண்ணீர் கொடுக்க வெட்டிய கிணறுகளால் வந்த பேட்டை. தங்கசாலைத் தெருவில் ஏகாம்பரேசுவரர் கோயிலைத் தாண்டினால் சவுகார்பேட்டையின் குஜராத்தியும் மார்வாரியும் காதில் விழுகின்றன.

ஆனால் இந்தப் பகுதியின் மரபு நடைகள் பெரும்பாலும் ஞாயிறு காலையில் நடக்கின்றன. வண்டிகள் குறைவு, வெயில் குறைவு, காரணம் நியாயமானதே. அந்த நேரத்தில் கோடவுன் தெரு மூடிய ஷட்டர்களின் வரிசை. நிமிர்ந்து பார்த்தால் பழைய மாடத்தின் மரவேலைப்பாடு தெரியும். குனிந்தால் ஒன்றுமே இருக்காது. வேலை நாளில் பதினொரு மணிக்கு அதே தெருவில் துணிப்பொதி ஏற்றிய மீன்பாடி வண்டியும் கைவண்டியும் தலைச்சுமைக்காரரும் ஒருவருக்கொருவர் வழிவிட்டுப் போகும் ஒழுங்கு இருக்கிறதே, அதுதான் அந்தத் தெருவின் வரலாறு. ஆண்டர்சன் தெருவில் காகிதமும் அழைப்பிதழும், தேவராஜ முதலி தெருவில் கண்ணாடி என்று கோவலன் பார்த்த ஒழுங்கு இன்னும் உயிரோடிருக்கிறது. கொத்தவால்சாவடியின் காய்கறி மொத்த வியாபாரம் 1996இல் கோயம்பேட்டுக்குப் போனபோது ஒரு பேட்டையின் மொழியும் கூலிக்கணக்கும் இடம் மாறின. இவற்றைப் பதிவு செய்யும் நடை நமக்கு இன்னும் கைவரவில்லை. கட்டடம் பார்க்கும் கண்ணை வளர்த்துக்கொண்டோம். பிழைப்பைப் பார்க்கும் கண் பின்தங்கிவிட்டது. மரபு நடைகள் பெற்ற பெரிய வெற்றிக்கு நடுவே இருக்கும் பெரிய குறையாக நான் கருதுவது இதைத்தான்.

இந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்தவர்கள் புனைவெழுத்தாளர்கள். ஜெயகாந்தன் சேரிக்குள் நடந்தார். கரன் கார்க்கியின் ‘கறுப்பர் நகரம்’ வடசென்னையை உள்ளிருந்து எழுதியது. தமிழ்ப்பிரபாவின் ‘பேட்டை’ சிந்தாதிரிப்பேட்டையில் நிகழ்கிறது. 1734இல் நெசவாளர்களுக்காகக் கூவம் வளைவில் ஆங்கிலேயர் அமைத்த அந்த ஊரின் இன்றைய சந்துகளும் பேச்சும் நாவலில்தான் கிடைக்கின்றன. பாக்கியம் சங்கரின் ‘நான்காம் சுவர்’ கட்டுரைகள் மனிதர்களைத் தேடிப் போகின்றன. நிவேதிதா லூயிஸின் ‘வடசென்னை’ வரலாற்றையும் வாழ்வையும் சேர்த்துப் பார்க்க முயல்கிறது.

வடசென்னைக்கு எவ்வளவு எழுதினாலும் தகும். 1856இல் திறந்த ராயபுரம் ரயில் நிலையம் தென்னிந்தியாவின் முதல் நிலையம். அதே பேட்டையில் பார்சிகளின் தீக்கோயில் இருக்கிறது, காசிமேட்டு மீன்பிடித் துறைமுகம் நடந்து போகும் தூரம். பெரம்பூர் பக்கம் பின்னி நிறுவனத்தின் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களைக் கொண்டு 1918இல் உருவான சென்னைத் தொழிலாளர் சங்கம் இந்தியத் தொழிற்சங்க இயக்கத்தின் தொடக்கங்களில் ஒன்று. 1921ஆம் ஆண்டு வேலைநிறுத்தம் அந்தத் தெருக்களில்தான் நடந்தது. மயிலாப்பூர் மாடவீதிகளுக்குக் கிடைத்த நடைகளில் பத்தில் ஒரு பங்காவது புளியந்தோப்புக்குக் கிடைக்க வேண்டும்.

யார் நடக்கலாம் என்ற கேள்வியும் இருக்கிறது. கோவலன் ஊர் காணப் போனபோது கண்ணகி மதிலுக்கு வெளியே காத்திருந்தாள். அவள் மதுரை வீதியில் நடந்தது சிலம்போடு நீதி கேட்டு. 2011இல் ஷில்பா ஃபட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் மும்பையை வைத்து எழுதிய ‘ஒய் லாய்ட்டர்?’, காரணம் சொல்லாமல் தெருவில் நிற்கும் உரிமையைப் பெண்களுக்காகக் கேட்டது. சென்னைக்கும் அப்படி ஒரு நூல் வேண்டும். இரவு எட்டரை மணிக்கு எந்தத் தெருவில் பயமில்லாமல் நடக்கலாம் என்று கேட்டால் பெரும்பாலான பெண்கள் கடை திறந்திருக்கும் தெருவையே சொல்வார்கள். கடைக்காரர்களின் கண்ணே தெருவின் காவல் என்று ஜேன் ஜேக்கப்ஸ் 1961இல் நியூயார்க்கை வைத்துச் சொன்னது பூக்காரம்மாவும் இட்லிக்கடை விளக்கும் இருக்கும் நம் தெருமுனைக்கு அப்படியே பொருந்தும். நடைபாதையைச் சுத்தப்படுத்துகிறோம் என்று அவர்களை விரட்டுவது நடப்பவருக்குச் செய்யும் நன்மை ஆகாது.

நடைபாதையே இல்லாத தெருவில் இதையெல்லாம் பேசி என்ன பயன் என்று கேட்கலாம். 2014இல் சென்னை மாநகராட்சி இந்தியாவிலேயே முதலாவதாக மோட்டார் இல்லாப் போக்குவரத்துக் கொள்கையை ஏற்றது. போக்குவரத்துச் செலவில் குறைந்தது 60 சதவீதம் நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் என்றது அது. 2019இல் பாண்டி பஜார் நடைவளாகமாகத் திறந்தது, குழந்தைகளும் முதியவர்களும் அங்கே உட்கார்ந்து பேசுவதை இன்று பார்க்கலாம். நல்ல தொடக்கம்தான். ஆனால் துணியும் நகையும் வாங்க வருகிறவருக்குக் கிடைத்த அகலமான நடைபாதை வியாசர்பாடியில் பள்ளிக்கு நடக்கும் பிள்ளைக்கும் வந்து சேர வேண்டும்.

2011இல் மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. சேர்ந்த பகுதிகளைப் பற்றி நடைநூல் என்று சொல்லத்தக்க எழுத்து மிகக் குறைவு. ஆற்றோரங்களிலிருந்து மாற்றப்பட்ட குடும்பங்களுக்காக 2000த்தில் தொடங்கிய கண்ணகி நகரில் ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. அங்குள்ள சுவரோவியங்களைப் படமெடுக்கப் போகிறவர்கள் உண்டு. அந்தத் தெருக்களில் பிறந்த பிள்ளைகள் தங்கள் ஊரை எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதியவர்கள் வேண்டும்.

ஆகவே வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த மரபு நடைக்குப் போங்கள். கூடவே ஒரு வேலை நாளில் உங்கள் பேட்டையின் ஒரே ஒரு தெருவை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நடந்து பாருங்கள். கடையின் பெயர், தொழில், விலை, எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எத்தனை வருடமாக இருக்கிறார்கள் என்று கேட்டு, தேதி போட்டுத் தமிழில் எழுதி வையுங்கள்.