காகத்துக்கு வைத்த சோறு

சித்திரை வெயில் பத்து மணிக்கே மொட்டைமாடித் தரையைச் சுட வைத்துவிடும். மயிலாப்பூர் அடுக்குமாடி வீடொன்றில், குக்கரைத் திறந்ததும் முதல் கரண்டிச் சோற்றில் பருப்பும் ஒரு சொட்டு நெய்யும் விட்டுப் பேரன் கையில் கொடுக்கிறார் பாட்டி. "காக்காவுக்கு வெச்சுட்டு வாடா, அப்புறம்தான் உனக்கு." பள்ளி விடுமுறை, பையனுக்கும் வேறு வேலையில்லை. கைப்பிடிச் சுவரில் சோற்றை வைத்துவிட்டு, செருப்பில்லாத கால்களை மாற்றி மாற்றி ஊன்றியபடி "கா... கா..." என்கிறான். முதலில் வருவது ஒரே காகம். அது உடனே சாப்பிடாது. தலையைச் சாய்த்துச் சோற்றைப் பார்க்கும், பையனைப் பார்க்கும், பிறகு ஊரையே கூப்பிடும்.

யாழ்ப்பாணத்து இணுவிலில் ஒரு வளவிலும் இதே காட்சிதான். அம்மம்மா வாழையிலைத் துண்டில் சோறும் கறியும் வைத்து, "பிள்ளை, காகத்தைக் கூப்பிடு" என்கிறார். அங்கே காக்கா இல்லை, காகம். மற்றபடி பறவை ஒன்றுதான்: தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழ்வது வீட்டுக் காகத்தின் ஒரே உள்ளினம்.

வேறுபாடு நாள்காட்டியில் தொடங்குகிறது. தமிழ்நாட்டில் பல வீடுகளில் தினமும் காகத்துக்குச் சோறு வைத்தாலும், முன்னோருக்கு உரிய நாள் அமாவாசை. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் அந்த ஒரே நாள். ஆடி, புரட்டாசி, தை அமாவாசைகளில் காகங்களுக்கு வயிறு கொள்ளாது. கூப்பிட்டால் திரும்பியும் பார்க்காமல் போகும். யாழ்ப்பாணத்துச் சைவர்கள் இதைப் பிரித்துவைத்திருக்கிறார்கள். தந்தையை இழந்தவர்களுக்கு அமாவாசை, தாயை இழந்தவர்களுக்குப் பூரணை. அதனால் ஆடி அமாவாசைக்குத் தந்தையை நினைத்துக் கீரிமலையில் தீர்த்தமாடுகிறவர், சித்திராப் பூரணையில் தாயை நினைத்து விரதமிருக்கிறார். கோயிலில் சித்திரபுத்திரனார் கதை படிப்பார்கள், கஞ்சி வார்ப்பார்கள். வீட்டில் படையல் முடிந்து, காகத்துக்கு வைத்த பிறகுதான் விரதகாரர் இலையில் உட்காருவார். மதுரையில் அதே முழுநிலவுக் காலம் கள்ளழகர் ஆற்றில் இறங்கும் கூட்டத்தில் கழிகிறது. அம்மாவின் நினைவு அந்த நாளோடு பொதுவாகச் சேர்வதில்லை.

சிங்கள பௌத்தர்களும் காகத்தை விட்டுவிடவில்லை. 'கபுட்டு தானே' என்றே ஒரு வழக்கம் இருக்கிறது. காகங்களுக்குக் கொடுக்கும் தானம். இத்தனை மரியாதை பெற்ற பறவையை இந்தியச் சட்டம் எப்படி நடத்தியது என்பது தனி வேடிக்கை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காகத்தை எலி, பழந்தின்னி வௌவால் ஆகியவற்றோடு சேர்த்துத் தீங்குயிர்ப் பட்டியலில் போட்டிருந்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் அந்தப் பட்டியல் ஒழிந்தது. ஐம்பது ஆண்டுகள், சட்டத்தின் கண்ணில் தீங்குயிருக்குத்தான் பாட்டிமார் நெய்ச்சோறு வைத்துக்கொண்டிருந்தார்கள்!

சோற்றை விடத் தண்ணீர் கதைதான் சுவையானது. கத்திரி வெயில் நெருங்கும்போது தமிழ்நாட்டு நகரங்களில் பறவைகளுக்கு மண்சட்டியில் தண்ணீர் வையுங்கள் என்ற வேண்டுகோள் ஆண்டுதோறும் வரும். பல குடும்பங்கள் தவறாமல் வைக்கின்றன. சட்டியை நிழலில் வைப்பது, உள்ளே கால் ஊன்ற ஒரு கல் போடுவது, கொசு முட்டையிடாமல் தினமும் நீரை மாற்றுவது எல்லாம் வீட்டுப் பிள்ளைகளின் விடுமுறை வேலை. கொல்லை இருந்த காலத்தில் இப்படிச் சொல்லிச் செய்யவேண்டிய தேவை இருக்கவில்லை.

ஏன் என்பதற்கு யாழ்ப்பாணத்துக் கிணற்றடியைப் பார்த்தால் போதும். வற்றாத ஆறு இல்லாத சுண்ணாம்புக்கல் நாடு அது. குடிப்பதும் குளிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் கிணற்றை நம்பித்தான். குளித்த தண்ணீர் சின்ன வாய்க்காலில் ஓடி வாழையடியில் போய்த் தேங்கும். அந்த ஈரத்துக்குப் புலுனிகள் கூட்டமாக வந்து சருகைக் கிளறி, ஒன்றையொன்று திட்டித் தீர்த்து, சிறகு நனைத்துப் போகும். மைனா வரும். வேலிக்குள்ளிருந்து செண்பகம் கனவான் நடை நடந்து வெளியே வரும். யாரும் பறவைக்கென்று தண்ணீர் வைக்கவில்லை; மனிதர் குளித்ததே அவற்றுக்கும் போதுமாக இருந்தது. இப்போது அங்கும் மோட்டாரும் மேல்தாங்கியும் வந்து, கிளுவை வேலி நின்ற இடத்தில் மதில் எழுந்த வளவுகளில் அந்த வாய்க்கால் இல்லை. அப்படிப்பட்ட வீடுகளும் இனி சட்டி தேட வேண்டியதுதான்.

புலுனி என்றால் சென்னைக்காரருக்குப் புரியாது. தவிட்டுக்குருவி என்றால் உடனே தெரியும். செண்பகம் இங்கே செம்போத்து. அதே பறவை, அதே பழுப்புச் சிறகு, அதே சிவப்புக் கண்.

சிட்டுக்குருவியிடம் வரும்போது இலங்கையின் தென்பகுதியை ஒரு படி கூடுதலாகவே பாராட்டலாம். சிறிய மண்முட்டியை வீட்டு விறாந்தையில் கட்டித் தொங்கவிடுவது அங்கே பழைய வழக்கம். குருவி குடிவந்தால் வீட்டுக்கு நல்லது என்பது நம்பிக்கை. தமிழ்நாட்டில் குருவிக்கென்று கூடு கட்டித் தரும் பழக்கம் அவ்வளவாக இருந்ததில்லை. சாமி படத்தின் பின்புறத்தை அது தானே எடுத்துக்கொண்டது, வாசலில் கட்டிய நெற்கதிர்க் கொத்தைக் கொறித்தது. ஓட்டுவீடு போய்க் கான்கிரீட் வந்த பிறகுதான் அட்டைப்பெட்டியும் மரப்பெட்டியும் வந்தன. மார்ச் 20ஐ உலகச் சிட்டுக்குருவி நாளாகக் கொண்டாடத் தொடங்கியதே 2010இல்தான்.

பிள்ளைகள் பறவைகளோடு கழிக்கும் நேரம் இரு இடங்களிலும் வேறுபட விடுமுறையின் அளவும் ஒரு காரணம். தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு மே மாதம் முழுக்கக் கையில் இருக்கிறது. ஒரு கூட்டில் முட்டை முதல் பறத்தல் வரை உட்கார்ந்து பார்க்கலாம். இலங்கையில் ஏப்ரல் விடுமுறை புத்தாண்டை ஒட்டிய சில வாரங்கள் மட்டுமே. அதற்குள் மூலிகை மருத்துநீர் வைத்துக் குளிக்க வேண்டும், பெரியவர்களிடம் கைவிசேஷக் காசு வாங்க வேண்டும், ஒழுங்கையில் தேங்காயோடு தேங்காய் மோதும் போர்த்தேங்காய் அடிக்கிற இடத்தில் கூட்டத்தை விலக்கி எட்டிப் பார்க்க வேண்டும். பறவைக்குக் கிடைப்பது மிச்ச நேரம்.

ஆனாலும் அந்தப் புத்தாண்டையே அறிவிப்பது ஒரு பறவை. முள்முருக்கு சிவந்து பூத்து, 'கொஹா' கூவினால் சிங்கள ஊர்களில் புத்தாண்டு வந்துவிட்டது என்று பொருள். கொஹா வேறொன்றுமில்லை, நம் குயில்தான். முள்முருக்கும் வேறில்லை, தமிழ்நாட்டில் இலையை அரைத்து வடை சுடும் கல்யாண முருங்கைதான். சென்னையிலும் குயில் அதே நாட்களில் தொண்டை கிழியக் கூவுகிறது. அதைக் கேட்டு யாரும் பண்டிகைக்குத் துணி எடுக்கப் போவதில்லை.

குயில் கூவும் காலம் காகம் கூடு கட்டும் காலமும்தான். ஆண்குயில் காகங்களைச் சீண்டித் துரத்த வைக்கும் நேரத்தில் பெண்குயில் முட்டையை இட்டுவிட்டுப் போகும். கோடை முற்றும்போது, இணுவில் மாமரத்திலோ மயிலாப்பூர் வேப்பமரத்திலோ வாயைப் பிளந்து கத்தும் கரிய குஞ்சு ஒன்றைப் பிள்ளைகள் கண்டுபிடிப்பார்கள். அம்மாவின் நினைவாக இலையில் வைத்த சோற்றை அலகில் அள்ளிக்கொண்டு பறந்துவரும் காகம், அதைக் குயில் குஞ்சின் வாயில் திணித்துவிட்டு, அடுத்த பிடிக்காக மறுபடி கீழே இறங்கும்.