புட்டிக்குள் ஒரு நுரையீரல்

கண்ணால் காண்பதை நம்புவது மனித இயல்பு. புகையிலை எதிர்ப்பு நாளான மே 31 அன்று, தேனாம்பேட்டையில் அண்ணா சாலை நடைபாதையில் கல்லூரி மாணவர் சிலர் செய்து காட்டிய சோதனை அந்த இயல்பை நன்கு பயன்படுத்தியது. நீர் நிறைந்த பிளாஸ்டிக் புட்டி ஒன்று. அதன் வாயில் வெள்ளைப் பஞ்சு. பஞ்சின் மேல் எரியும் சிகரெட். புட்டியின் அடியில் இட்ட துளை வழியே நீர் வடிய வடிய உள்ளே அழுத்தம் குறைகிறது. வெளிக்காற்று சிகரெட்டின் வழியே உள்ளே நுழைகிறது. நம் மார்பு விரியும்போது மூச்சுக் காற்று உட்புகுவதும் இதே விதிப்படிதான். சில நிமிடங்களில் பஞ்சு பழுப்பாகிவிட்டது. கூட்டம் 'ஐயோ' என்றது.

கூட்டத்தில் நின்ற ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் மட்டும் சிரித்தார். "முப்பது வருசமா பீடி புடிக்கிறேன் தம்பி. என் பஞ்சு எப்பவோ கருத்துப் போயிருக்கும். இனிமே உட்டு இன்னா ஆவப்போவுது?" என்றார். மாணவரிடம் பதில் இல்லை. அருகில் நின்ற எனக்கும் உடனே பதில் வரவில்லை. அவர் போய்விட்டார்.

இளைஞர்களின் முயற்சி பாராட்டுக்குரியது. ஆனால் அறிவியல் சோதனை என்ற வகையில் அதில் மூன்று குறைகள் உள்ளன.

முதற்குறை, ஒப்பீடு இல்லாமை. சிகரெட் இல்லாத இன்னொரு புட்டியையும் பக்கத்தில் வைத்திருக்க வேண்டும். புகைப்பழக்கத்தின் மீதான குற்றச்சாட்டு நிரூபிக்கப்பட்டதே ஒப்பீட்டால்தான். 1950-ஆம் ஆண்டு ரிச்சர்ட் டால், பிராட்ஃபோர்ட் ஹில் ஆகிய இருவரும், லண்டன் மருத்துவமனைகளில் நுரையீரல் புற்றுநோயாளிகளையும் அதே வயதுடைய பிற நோயாளிகளையும் ஒப்பிட்டனர். புற்றுநோய் கண்ட 649 ஆண்களில் புகைக்காதவர் 2 பேர். மற்ற 649 பேரில் 27 பேர். தொடக்கத்தில் சாலைத் தாரின் மீது ஐயம் கொண்டிருந்த டால், இந்த எண்களைக் கண்டு தாமே புகைப்பதை விட்டார்.

இரண்டாவது குட்டியின் பஞ்சு அன்று வெண்மையாகவே இருந்திருக்கும். அதையே அண்ணா சாலையில் ஒரு மாதம் தொங்கவிட்டால் அதுவும் மங்கும். வெளிக்காற்றின் மாசும் புற்றுநோயை விளைவிப்பதே என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2013-இல் அறிவித்தது. ஒருபோதும் புகைக்காதவருக்கும் இந்நோய் வருவதுண்டு. எனவே நோயாளியைக் கண்டதும் 'புகைத்தீரா?' என்று குற்றவாளியைப் போல் விசாரிப்பது முறையன்று.

இரண்டாவது குறை, கறையையே நோயாகக் காட்டுவது. புற்றுநோய்க்குக் காரணம் கருநிறம் அல்ல. புகையிலுள்ள பென்சோபைரீன் போன்ற பொருள்கள் செல்லின் டி.என்.ஏ.வில் ஒட்டிக் கொள்கின்றன. கட்டுமீறிய வளர்ச்சியைத் தடுக்கும் பி53 என்னும் மரபணுவில், நுரையீரல் புற்றுநோயில் பழுதுபடும் அதே இடங்களில் அவை ஒட்டுவதை 1996-இல் வெளியான ஆய்வு காட்டியது. இந்தப் பழுது எந்தப் பஞ்சிலும் தெரியாது.

மூன்றாவது குறைதான் பெரிது. பஞ்சு உயிரற்றது; கறுத்தால் கறுத்ததே. 2012 அக்டோபர் 2 முதல் திரையரங்குகளில் காட்டப்பட்ட 'ஸ்பாஞ்ச்' என்ற குறும்படத்திலும் நுரையீரல் பஞ்சாகிப் பிழியப்பட்டது. புகைக்கத் தொடங்காத சிறுவனை இக்காட்சி தடுக்கலாம். முப்பது ஆண்டு புகைத்தவருக்கோ 'உன் கதை முடிந்தது' என்றே அது சொல்கிறது. இது உண்மையும் அன்று. நுரையீரல் உயிருள்ளது. புகைப்பதை நிறுத்தினால், மூச்சுக் குழாயில் அழுக்கைத் தள்ளும் நுண்ணிய மயிரிழைகள் மீண்டும் வேலை செய்யத் தொடங்குகின்றன. பத்தாண்டுகளில், தொடர்ந்து புகைப்பவரோடு ஒப்பிட்டால் நுரையீரல் புற்றுநோயால் இறக்கும் அபாயம் ஏறத்தாழப் பாதியாகிறது.

ஓட்டுநருக்குச் சொல்ல வேண்டிய பதிலை வீடு திரும்பிய பின்னரே புத்தகத்தில் தேடி எடுத்தேன். 1951 முதல் 50 ஆண்டுகள் பிரிட்டிஷ் மருத்துவர்களைத் தொடர்ந்து கவனித்த டாலின் ஆய்வு முடிவு 2004-இல் வெளிவந்தது. விடாமல் புகைத்தவர்கள் சராசரியாகப் பத்தாண்டு முன்னதாக இறந்தனர். 60 வயதில் விட்டவர்கள் சுமார் 3 ஆண்டுகளை மீட்டனர், 50 வயதில் விட்டவர்கள் 6, 40-இல் 9, 30-இல் விட்டவர்கள் ஏறத்தாழப் பத்து ஆண்டுகளையும் மீட்டனர்.

மாணவ நண்பர்களே! புட்டியைத் தூக்கி எறிய வேண்டாம். பக்கத்தில் இரண்டாவது புட்டியை வையுங்கள். இந்த நான்கு எண்களையும் பெரிய எழுத்தில் ஓர் அட்டையில் எழுதுங்கள். புகையிலையை விட உதவும் இலவசத் தொலைபேசி எண் 1800-11-2356 என்பதையும் அதன் கீழே எழுதுங்கள். வாரக்கணக்கில் நீடிக்கும் இருமலையும், சளியில் தெரியும் இரத்தத்தையும் அலட்சியம் செய்யாமல் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள்.

அந்த ஓட்டுநருக்கு வயது ஐம்பது இருக்கலாம். அப்படியானால் அன்று அவர் கேட்டது ஆறு ஆண்டுகள் பற்றிய கேள்வி. அடுத்த முறை அப்படி ஒருவர் கேட்டால், நம்மிடம் பதில் இருக்க வேண்டும்.