பாட்டன் எழுதிய ஓலை

மணப்பந்தலிலே மேளம் முழங்குகிறது. மணமகன் அமர்ந்துவிட்டான். அவ்வேளையில் முதியவர் ஒருவர் தள்ளாடி வந்து, மணமகன் தமக்கு அடிமை என்றும், தம் வழக்கைத் தீர்த்த பின்னரே மணம் நடக்கவேண்டும் என்றும் தடுக்கிறார். சேக்கிழாரின் பெரியபுராணத்தில் சுந்தரர் வரலாறு திரும்பும் இடம் இதுதான். தடுத்தாட்கொண்ட புராணம் என்று அதற்குப் பெயர். பக்தர்கள் இங்கே கண்ணீர் மல்குவர். நாம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, முதியவர் கையிலுள்ள ஓலையைப் படித்துப் பார்ப்போம்.

ஓலையை எழுதியவர் சுந்தரரின் பாட்டனார். அவர் தம்மை மட்டும் அடிமையாக எழுதிக் கொடுக்கவில்லை. தம் மரபில் வழிவழி வருவோர் அனைவரையும் எழுதிக் கொடுத்துவிட்டார். பேரன் அப்போது பிறக்கவில்லை. பிறந்தபின் நரசிங்கமுனையரையர் என்னும் மன்னர் அவனைத் தம் மகனெனக் கொண்டு அரச வாழ்வில் வளர்த்தார். எனினும் பாட்டன் விட்டுச் சென்ற சொத்து பேரனைத் தேடி வந்து பந்தலிலே நிற்கிறது. பிறர் பாட்டனார் நிலம் வைத்துச் செல்வர், நகை வைத்துச் செல்வர். இவர் விலங்கு வைத்துச் சென்றார்!

சுந்தரர் சினங்கொண்டு ஓலையைக் கிழிக்கிறார். கிழிந்தது படியோலை, மூலவோலை திருவெண்ணெய்நல்லூரில் இருக்கிறது என்கிறார் முதியவர். வழக்கு அவ்வூர் அவைக்குப் போகிறது. ஆட்சி, ஆவணம், அயலார் சாட்சி ஆகிய மூன்றனுள் ஒன்றைக் காட்டு என்கின்றனர் அவையோர். ஆவணம் வருகிறது. பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையை எடுத்துவந்து எழுத்தோடு எழுத்தை ஒப்பிடுகின்றனர். ஒத்திருக்கிறது. தீர்ப்பு: பேரன் அடிமை.

எத்துணை நுணுக்கமான விசாரணை! இன்றைய வழக்கறிஞரும் குறைகூற இயலாத நடைமுறை! ஆனால் என் வகுப்பில் பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவன், "பாட்டன் எழுதினால் பேரன் எப்படி ஐயா அடிமையாவான்?" என்று கேட்டான். அந்தக் கேள்வியை அவையிலிருந்த அறிஞர் ஒருவரும் கேட்கவில்லை. எழுத்து உண்மையா என்று பார்த்தார்களே ஒழிய, எழுதியது நியாயமா என்று பார்த்தாரில்லை.

சுந்தரரும் கேட்கவில்லை என்பது அதனினும் கவனத்திற்குரியது. அந்தணர் இன்னோர் அந்தணருக்கு அடிமையாவதை இன்றுதான் கேட்கிறோம் என்பது அவர் எழுப்பும் தடை. அதாவது, ஏனையோர் அடிமையாவது கேட்டுப் பழகிய செய்தி! அவர் அடிமை முறையை மறுக்கவில்லை. பட்டியலில் தம் பெயர் இருப்பதை மறுக்கிறார்.

வந்தவர் இறைவன், இது திருவிளையாடல், இதில் சமூகத்தைத் தேடுவது சிறுமதி என்று சைவ அன்பர்கள் சீறக்கூடும். இறைவனென்றே வைத்துக்கொள்வோம். ஒருவனை ஆட்கொள்ள வந்த இறைவனுக்கு அடிமை ஓலை ஏன் கருவியாயிற்று? கேட்ட மக்களுக்கு அது அன்றாடம் பழகிய பொருள் என்பதால்தானே! சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டினர். அவருக்குச் சில பத்தாண்டுகள் பின், 1201ஆம் ஆண்டில், பஞ்சம் தாங்காத வேளாளர் ஒருவர் தம்மையும் தம் இரு புதல்வியரையும் 110 காசுக்குத் திருப்பாம்புரம் கோயிலுக்கு விற்றுக்கொண்ட செய்தி கல்வெட்டிலே இருக்கிறது. கவிஞர் கற்பனையில் கண்டதன்று அந்த ஓலை, நாட்டிலே கண்டது.

அமெரிக்க வரலாற்றைப் படிக்கும் நம் இளைஞர்கள் அங்கு நடந்த பாகப்பிரிவினையைக் கண்டு திகைக்கிறார்கள். திகைக்கத்தான் வேண்டும். வர்ஜீனியாவில், தாய் அடிமையெனில் பிள்ளையும் அடிமை என 1662இல் சட்டம் வகுத்தனர். விடுதலைப் போரின் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டன் 1799இல் இறந்தபோது, தமக்குச் சொந்தமான 123 அடிமைகள் தம் மனைவியின் காலத்திற்குப் பின் விடுதலை பெறுக என உயில் எழுதியிருந்தார். அம்மையார் அதுவரை காத்திராமல் 1801லேயே அவர்களை விடுவித்தார். ஆனால் அதே பண்ணையில் இருந்த வேறு 153 பேரை விடுவிக்க அவராலும் இயலவில்லை. அவர்கள் அம்மையாரின் முதற்கணவர் குடும்பச் சொத்து. அம்மையாருக்கு வாழ்நாள் உரிமை மட்டுமே. 1802இல் அவர் மறைந்ததும் பேரப்பிள்ளைகள் நால்வரும் அவர்களைப் பங்கிட்டுக்கொண்டனர். இரு தரப்பு அடிமைகளும் தங்களுக்குள் மணந்து வாழ்ந்தவர்கள். கணவன் விடுதலையானான், மனைவி பங்குப் பட்டியலில் நின்றாள்!

அங்கே ஆண்டை இறந்தபோது அடிமை பிரிக்கப்பட்டான். திருவெண்ணெய்நல்லூர் ஓலையிலோ, அடிமையே தன் மரபுக்கு அடிமைத்தனத்தை உயிலாக விட்டுச் செல்கிறான். இரண்டில் எது கொடிது? எனக்கு இரண்டாவதே கொடிதாகப் படுகிறது. பலியானவன் கையாலேயே கையெழுத்து வாங்கிய ஏற்பாடல்லவா அது!

அதே புராணத்தில் நந்தனாரும் வருகிறார். ஊர்த் தொழிலுக்கென விடப்பட்ட மானியத் துண்டுநிலத்தில் வாழ்ந்து, தலைமுறைத் தொழிலையே செய்கிறவராக அவரைச் சேக்கிழார் காட்டுகிறார். அவரை வேதியரின் பண்ணையாள் ஆக்கியது 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை. மூலத்தில் இல்லாததைச் சேர்த்தார் என்று பாரதியாரைக் குறைகூறிய புலவர்கள் உண்டு. நான் அதனை அவரது சிறப்பென்பேன். தம் காலக் காவிரிக்கரையிலே கண்ட பண்ணையாளை அவர் கதைக்குள் அழைத்து வந்தார். சுந்தரருக்கு ஓலையேனும் உண்டு. கிழிக்கலாம், மூலத்தைக் காட்டு எனலாம், அவையேறி வாதாடலாம். நந்தனுக்கு எதைக் கிழிப்பது? பிறப்பே ஆவணம், சேரியே சாட்சி.

1843ஆம் ஆண்டின் ஐந்தாவது சட்டம் இந்திய நீதிமன்றங்களில் அடிமை உரிமை செல்லாதென்றது. அடிமை என்ற காரணம் காட்டி, ஒருவன் உழைத்துச் சேர்த்ததையோ வாரிசாகப் பெற்றதையோ பறிக்கலாகாது என்றும் அது விதித்தது. நல்ல விதிதான்! ஆனால் வாரிசாகப் பெறுவதற்குத் தகப்பனிடம் என்ன இருந்தது? உழுத நிலம் மிராசுதாரர் வீட்டுப் பாகப்பத்திரத்தில் இருந்தது. அந்தப் பத்திரத்தை எழுத்துக்கூட்டிப் படிக்கவும் அவனுக்குத் தெரியாது.

சென்னை பெசன்ட் நகரில் ஆல்காட் நினைவுப் பள்ளி இருக்கிறது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடபுல அரசுக்குப் பணியாற்றிய ஆல்காட், பஞ்சமர் எனப்பட்டோரின் பிள்ளைகளுக்காக 1894இல் அடையாற்றிலே தொடங்கிய இலவசப் பள்ளி அது. சட்டம் வந்து அப்போது 51 ஆண்டுகள் கடந்திருந்தன. தன் நாட்டு அடிமைகளின் விடுதலையைக் கண்ட ஓர் அயல்நாட்டான் வந்து பலகையும் பலப்பமும் கொடுக்கும்வரை, மூலவோலைக்கும் படியோலைக்கும் வேறுபாடு காணத் தெரிந்த நம் அவைகள் என்ன செய்துகொண்டிருந்தன?