ஆரஞ்சு ஸ்லைடரும் மஞ்சள் கயிறும்

கல்யாண போட்டோவுக்கெல்லாம் விமர்சனமா என்று சிரிக்கலாம். ஆனால் ஒரு சராசரி இந்தியக் குடும்பம் வாழ்நாளில் காசு கொடுத்து செய்யச் சொல்லி வாங்குகிற ஒரே பெரிய படைப்பு கல்யாண ஆல்பம்தான். லட்சக்கணக்கில் கொடுக்கிறோம், அதைப் பற்றி "சூப்பரா இருக்கு" என்பதைத் தாண்டி யாரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. இந்தக் குறிப்பில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: நிறம். இன்றைய ஆடம்பரக் கல்யாணப் படங்களில் சிவப்பும் மஞ்சளும் நம்முடைய தோலும் எங்கே போகின்றன, ஏன் போகின்றன என்பது.

முதலில் எல்லோரும் பார்த்த இரண்டு கல்யாணங்கள்.

2017 டிசம்பரில் விராட் கோலி, அனுஷ்கா சர்மா திருமணம் இத்தாலியின் டஸ்கனியில் நடந்தது. சப்யசாச்சி வடிவமைத்த வெளிர் ரோஜா நிற லெஹங்கா, மாப்பிள்ளைக்கு தந்த நிற ஷேர்வானி, வெளிறிய குளிர்கால வெளிச்சம். படங்கள் அழகானவை, அதில் எனக்கு சந்தேகமே இல்லை. காரணம், உடை, வெளிச்சம், படத்தின் எடிட்டிங் மூன்றும் ஒரே பக்கம் நிற்கின்றன. வெளிர் நிறத்தை வெளிர் நிறமாகக் காட்டினால் எதுவும் தொலையாது.

2018 டிசம்பரில் பிரியங்கா சோப்ரா, நிக் ஜோனஸ் திருமணம் ஜோத்பூர் உமைத் பவனில் நடந்தது. இரண்டு சடங்குகள்: ஒன்று கிறிஸ்தவ முறை, 75 அடி நீள முக்காட்டுடன் வெள்ளை கவுன். இன்னொன்று இந்து முறை, ரத்தச் சிவப்பு லெஹங்கா. புகைப்படக்காரர்களும் இரண்டு பேர்: இந்தியாவின் ஜோசஃப் ராதிக், கலிஃபோர்னியாவின் ஜோஸ் வில்லா. வெளியான படங்களில் எனக்குப் பிடித்தது, இரண்டு சடங்கையும் ஒரே நிறத்தட்டில் அடைக்க முயலாததுதான். வெள்ளைக்கு ஒரு மொழி, சிவப்புக்கு ஒரு மொழி. கலப்புக் கல்யாணத்தைப் படமெடுப்பதில் இதுதான் அடிப்படை நேர்மை என்று நினைக்கிறேன்.

பிரச்சினை இந்த இரண்டு கல்யாணங்களிலும் இல்லை. முதல் வகைப் படத்தைப் பார்த்துவிட்டு, இரண்டாம் வகைக் கல்யாணத்தை அதே மாதிரி ஆக்கித் தருகிறவர்களிடம் இருக்கிறது. எடிசனிலிருந்து டொராண்டோ வரைக்கும், கோயம்புத்தூரிலிருந்து லண்டன் வரைக்கும் இப்போது அந்த ஒரே வெளிறல்தான்.

இந்த வெளிறல் எங்கிருந்து வந்தது?

அமெரிக்கக் கல்யாண போட்டோவில் 'லைட் அண்ட் ஏரி' என்று ஒரு பாணி உண்டு. எல்லாம் பால் கலந்த மாதிரி இருக்கும். இதன் வேர் ஃபிலிமில் இருக்கிறது. மேலே சொன்ன ஜோஸ் வில்லா இந்தப் பாணியைப் பிரபலமாக்கியவர்களில் முக்கியமானவர். இந்தப் பாணிக்காரர்களின் செல்லப் பிள்ளை ஃபுஜி ப்ரோ 400எச் என்ற நெகட்டிவ் ஃபிலிம். தேவைக்கு மேல் ஒன்று, இரண்டு ஸ்டாப் வெளிச்சம் கொடுத்து எடுப்பார்கள். நெகட்டிவ் ஃபிலிமுக்கு அதிக வெளிச்சத்தைத் தாங்கும் குணம் உண்டு. வளைவு மெல்ல மெல்லப் படுக்கும், சட்டென்று முட்டாது. அதனால் வெள்ளை கவுனின் மடிப்புகூட மிச்சம் இருக்கும். 2021 ஜனவரியில் ஃபுஜி இந்த ஃபிலிமை நிறுத்திவிட்டதாக அறிவித்தது. அதற்கு முன்பே அந்தத் தோற்றம் டிஜிட்டல் பிரீசெட்டாக மாறி விற்பனைக்கு வந்தாயிற்று.

டிஜிட்டல் சென்சார் ஃபிலிம் மாதிரி இல்லை. அது நேர்கோட்டில் ஏறி சுவரில் முட்டும். முட்டியபின் தகவல் கிடையாது. ஃபிலிமின் தாராளத்தைத் டிஜிட்டலில் நகல் எடுக்கிறவர்கள் முதலில் பலி கொடுப்பது சிவப்பைத்தான்.

ஒரு சின்னக் கணக்கு

ஒரு அரக்குச் சிவப்புக் கூறைப்புடவையை எடுத்துக்கொள்வோம். சிவப்பு ஒளியில் 60 சதவீதத்தையும், பச்சை, நீலத்தில் 5 சதவீதத்தையும் அது திருப்பி அனுப்புகிறது என்று வையுங்கள். (காமா வளைவை இங்கே ஒதுக்கிவிட்டேன், எண்களும் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை.) நம் திரைகளின் நிற இலக்கணப்படி பிரகாசத்தில் சிவப்பின் பங்கு 0.2126, பச்சை 0.7152, நீலம் 0.0722. பெருக்கிக் கூட்டினால் புடவையின் பிரகாசம் சுமார் 17 சதவீதம். அதாவது கேமராவின் மீட்டர் 'நடு சாம்பல்' என்று நினைக்கிற 18 சதவீதத்துக்குப் பக்கத்தில். மீட்டருக்கு ஒரு குறையும் தெரியாது.

இப்போது பாணிக்காக ஒரு ஸ்டாப் ஏற்றுகிறோம். எல்லாம் இரண்டு மடங்கு. சிவப்பு 120 ஆக வேண்டும், ஆனால் 100-ல் சுவர். பச்சையும் நீலமும் 10. பிரகாசத்தைத் திரும்பக் கணக்குப் போட்டால் வெறும் 29. மொத்தப் பிரகாசத்தை மட்டும் காட்டும் ஹிஸ்டோகிராமைப் பார்த்தால் "இன்னும் நிறைய இடம் இருக்கே" என்றுதான் தோன்றும். ஆனால் சிவப்பு ஏற்கெனவே போய்விட்டது. புடவையில் வெளிச்சம் பட்ட மேடு 120, அதற்குப் பக்கத்து மடிப்பு 110 என்றால் இரண்டுமே 100 ஆகத்தான் பதிவாகும். மடிப்பு கிடையாது, நெசவு கிடையாது, ஒரு சிவப்பு பிளாஸ்டிக் பை மாதிரி ஆகிவிடும். இன்னும் ஏற்றினால் சிவப்பு நின்ற இடத்தில் நிற்க, மற்ற இரண்டும் ஏறிக்கொண்டே போகும். நிறமே நகர்ந்து வெளிறும். அரக்கு செங்கல் ஆவது இப்படித்தான்.

வெள்ளை கவுனில் இது பெரிய பாதகம் இல்லை. மூன்று நிறமும் சேர்ந்து முட்டினால் வெள்ளை வெள்ளையாகத்தான் இருக்கும். ஒரு பாணி எந்த உடைக்காகப் பிறந்ததோ அந்த உடையை மட்டும்தான் அது மன்னிக்கும்.

ஆரஞ்சு ஸ்லைடர்

இதைவிட முக்கியமானது அடுத்தது. அடோபி லைட்ரூமில் நிறங்களை எட்டாகப் பிரித்து வைத்திருப்பார்கள்: சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை என்று வரிசையாக. ஒவ்வொன்றுக்கும் நிறச்சாயல், செறிவு, பிரகாசம் என்று மூன்று ஸ்லைடர். மனிதத் தோல், எந்த நாட்டுத் தோலாக இருந்தாலும், பெரும்பாலும் ஆரஞ்சுப் பட்டையில்தான் விழும். வெள்ளைக்காரருக்கும் நமக்கும் வித்தியாசம் சாயலில் கொஞ்சம், பிரகாசத்தில்தான் நிறைய. அதனால் எடிட்டர்கள் மத்தியில் ஆரஞ்சு ஸ்லைடருக்கு 'ஸ்கின் ஸ்லைடர்' என்றே பெயர். முகம் பளிச்சென்று வேண்டுமா, ஆரஞ்சின் பிரகாசத்தை ஏற்று, செறிவை இறக்கு. பெரும்பாலான பிரீசெட்டுகளுக்குள் இந்த வேலை ஒளிந்திருக்கும்.

மேற்கத்தியக் கல்யாணத்தில் இது ஓரளவு சரியான குறுக்குவழி. வெள்ளை உடை, கறுப்பு கோட்டு, பச்சைப் புல், வெளிர்ப் பூ. சட்டகத்தில் ஆரஞ்சு என்றால் பெரும்பாலும் தோல்தான். நம் கல்யாணத்தில்? தாலி, ஒட்டியாணம், ஜரிகை, சந்தனம், மஞ்சள் பூசிய தேங்காய், அட்சதை, சாமந்தி, குத்துவிளக்குச் சுடர், ஹோம நெருப்பு. எல்லாமே ஆரஞ்சும் அதன் பக்கத்து மஞ்சளும்தான். முகத்தை வெளுக்க ஒரு ஸ்லைடரை நகர்த்தினால் மண்டபம் முழுக்க வெளுக்கிறது. மென்பொருள்காரன் பார்வையில் இது ஒரு பழகிப்போன பிழை: ஒரு ஊரில் சரியாக இருந்த அனுமானத்தைக் கோடுக்குள் நிரந்தரமாக எழுதிவிட்டு, உலகம் முழுக்க ஏற்றுமதி செய்வது.

என் உறவில் ஒரு பெண்ணின் கல்யாணம் நியூ ஜெர்சியில் நடந்தது. மாப்பிள்ளை அமெரிக்கர். நல்ல பணம் வாங்கிய போட்டோகிராபர். ஆல்பம் ஊருக்கு வந்து, பெண்ணின் பாட்டி கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். அவர் கேட்ட முதல் கேள்வி, "ஏண்டி, மஞ்சக் கயிறு கட்டலையா?" கட்டியிருந்தது. படத்தில் அது க்ரீம் கலர் நூல். பெண்ணின் மாநிறம் பீச் ஆகியிருந்தது. ஏற்கெனவே பிரகாசமான மாப்பிள்ளையின் நெற்றி வெந்த முட்டை மாதிரி. இரண்டு பேருடைய தோலும் ஒரே ஸ்லைடரில் மாட்டிக்கொண்டதால், ஒருவரை ஒருவர் நோக்கி நகர்த்தப்பட்டு, இரண்டு பேருமே அவர்களாக இல்லை. கலப்புக் கல்யாணத்தைக் கொண்டாடுவதாகச் சொல்கிற படம், கலப்பையே அழித்துவிட்டது.

ஷெர்லி அக்கா

இது டிஜிட்டல் காலத்தில் ஆரம்பித்த கதை இல்லை. கோடக் நிறுவனம் 1950களில் இருந்து அச்சுக்கூடங்களுக்கு ஒரு மாதிரி அட்டை அனுப்பும். அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண் படம். அந்த முகம் சரியாக வந்தால் எல்லாம் சரி. அட்டைக்குப் பெயர் 'ஷெர்லி'. கனடிய ஆய்வாளர் லோர்னா ராத் இதைப் பற்றி 2009-ல் விரிவாக எழுதினார். ஃபிலிம் அடர் பழுப்பைச் சரியாகப் பிடிக்கவில்லை என்று கோடக்கின் மேல் அழுத்தம் கொடுத்தவர்களில் சாக்லேட் கம்பெனிகளும் மரச்சாமான் கம்பெனிகளும் உண்டு என்பது அவர் திரட்டிய தகவல்களில் பிரபலமானது. கறுப்பர்களின் முகத்துக்காக நகராத ஒன்று தேக்குக்கும் சாக்லேட்டுக்கும் நகர்ந்தது.

ஆன்சல் ஆடம்ஸின் 'மண்டல முறை'யிலும் வெள்ளையர் தோல் ஆறாம் மண்டலம், அதாவது நடு சாம்பலுக்கு ஒரு ஸ்டாப் மேலே. அதைத்தான் புத்தகங்கள் 'சாதாரணத் தோல்' என்று கற்றுக்கொடுத்தன. இதையெல்லாம் சொல்லிவிட்டு மேற்கைத் திட்டி முடித்துக்கொண்டால் வசதியாக இருக்கும். ஆனால் நியாயமாக இருக்காது.

ஏனென்றால், "கொஞ்சம் வெளுப்பா பண்ணிக் கொடுங்க" என்று கேட்பது பெரும்பாலும் நம் ஆட்கள்தான். ஃபேர் அண்ட் லவ்லி 1975-ல் வந்தது. 2020-ல் பெயரை மாற்றிக்கொண்டதே தவிர கடையை விட்டுப் போகவில்லை. கறுப்பு வெள்ளைக் காலத்து ஸ்டுடியோக்களில் நெகட்டிவின் மேல் பென்சிலால் தீட்டி முகத்தை வெளுப்பாக்குவது ஒரு தனித் தொழில். மணப்பெண் மேக்கப் இன்றும் இரண்டு ஷேடு மேலேதான் ஆரம்பிக்கிறது. போட்டோகிராபர் எங்கள் ஆசையைத்தானே நிறைவேற்றுகிறார் என்ற வாதத்தில் உண்மை இருக்கிறது.

ஆனால் ஒரு வித்தியாசம். பென்சில் காலத்தில் தீட்டப்பட்டது முகம் மட்டும். முகத்துக்கு வெளியே இருந்த கல்யாணம் தப்பித்தது. இப்போது முகத்தோடு சேர்ந்து புடவையும் கயிறும் விளக்கும் போகின்றன. யாரும் கேட்காமலே போகின்றன. பிறகு அடுத்த கட்டம்: படத்தில் சிவப்பு நன்றாக வருவதில்லை என்று உடையே மாறுகிறது. அலியா பட் 2022-ல் தந்த நிறப் புடவை, கியாரா அத்வானி 2023-ல் ரோஜா நிற லெஹங்கா. அவரவர் விருப்பம், அதில் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் நம்மூர் முகூர்த்தப் புடவைக் கடைகளில் 'பேஸ்டல்' என்று தனி அடுக்கு வந்திருப்பதையும், "போட்டோல நல்லா வரும்" என்பதே அதற்குச் சொல்லப்படும் காரணமாக இருப்பதையும் கவனிக்கிறேன். கருவிக்காகச் சடங்கு தன் நிறத்தை மாற்றிக்கொள்கிறது. வேறு வழி இல்லாமல் போய்விடவில்லை என்பதற்கு 2022 ஜூனில் மாமல்லபுரத்தில் நடந்த நயன்தாரா, விக்னேஷ் சிவன் திருமணப் படங்களே சாட்சி. அழுத்தமான சிவப்புப் புடவை, அதன்மேல் பச்சை மரகதம். இரண்டும் தத்தம் நிறத்தோடு நிற்கின்றன.

தொழில்நுட்பத்தில் இப்போது சாக்கும் இல்லை. 2022 முதல் லைட்ரூமே ஆட்களைத் தானாக அடையாளம் கண்டு, ஒவ்வொருவரின் முகத் தோலையும் தனியாகப் பிரித்துக் கொடுக்கிறது. மாப்பிள்ளைக்கு ஒரு அளவு, பெண்ணுக்கு ஒரு அளவு, கயிற்றைத் தொடாமல் விடலாம். கொஞ்சம் நேரம் ஆகும், அவ்வளவுதான்.

போட்டோகிராபரைப் பேசி முடிக்கும் முன்

இன்ஸ்டாகிராமில் இருக்கும் தேர்ந்தெடுத்த ஒன்பது படத்தை நம்பாதீர்கள். மாநிறமோ கறுப்போ ஆன ஒரு ஜோடியின் முழு ஆல்பத்தைக் காட்டச் சொல்லுங்கள். மூன்று இடத்தைப் பாருங்கள். ஒன்று, உட்கார்ந்திருக்கும் பெண்ணின் மடியில் பட்டுப்புடவையின் மடிப்பு தெரிகிறதா. இரண்டு, மஞ்சள் கயிறும் பொன் தாலியும் இரண்டு வேறு நிறமாக இருக்கின்றனவா. மூன்று, பெண்ணின் முகமும் கையும், பக்கத்தில் நிற்கும் அவள் அம்மாவின் நிறமும் ஒரே குடும்பமாக இருக்கின்றனவா. மூன்றில் இரண்டு தவறினால் வேறு ஆளைப் பாருங்கள், எத்தனை விருது வாங்கியிருந்தாலும் சரி.

அப்புறம், ஒப்பந்தத்திலேயே ரா ஃபைல்களைக் கேட்டு எழுதி வாங்குங்கள். பலர் தர மாட்டோம் என்பார்கள், பேரம் பேசிப் பாருங்கள். கேமராவில் எடுக்கும்போதே சிவப்பு முட்டாமல் இருந்தால், பிரீசெட் செய்த எல்லாவற்றையும் ரா ஃபைலில் இருந்து திருப்பி எடுக்க முடியும். ஜேபெக் மட்டும் கையில் இருந்தால் முடியாது. இருபது வருஷம் கழித்து அந்தப் பெண்ணின் மகள், அம்மா என்ன நிறப் புடவை கட்டியிருந்தாள் என்று கேட்டால், சொல்வதற்கு அந்த ஃபைல் மட்டும்தான் இருக்கும். புடவை அதற்குள் சாயம் போயிருக்கலாம்.

வீடியோக்காரர்கள் பயன்படுத்தும் 'லட்' கோப்புகளுக்குள்ளும் இதே ஆரஞ்சு விளையாட்டு உண்டு. அதை அடுத்த குறிப்பில் எண்களோடு பிரித்துப் பார்க்கலாம்.